சுவரும் சுண்ணாம்பும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் பிறக்கும். மலைமேல் மேகம் இறங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். அருவி காண வருவோர்க்கு அது இன்பக் காலம். எனக்கோ அது ஒரு சுவரை நினைவூட்டும் காலம்.

மேலகரத்திலிருந்து தென்காசிக்கு நான் பள்ளிக்கு நடந்து சென்ற வழியில் அந்தச் சுவர் இருந்தது. காய்ந்திருக்கும்போது அது வெறும் வெள்ளைச் சுவர். சாரலில் நனைந்துவிட்டால் அதில் எழுத்துகள் தெரியும். வெயில் எறித்தால் மறைந்துவிடும். மறுபடி நனைந்தால் மறுபடி தெரியும். அந்த எழுத்துகளை எழுதியவர் என் தந்தை. அவற்றின்மேல் சுண்ணாம்பு அடித்தவரும் என் தந்தையே.

ஒரே கை எழுதவும் அழிக்கவும் நேர்ந்தது எப்படி? இக்கேள்வி பல ஆண்டுகளாக என்னுள் இருந்து வருகிறது. கல்லூரிக்கு வந்து, நூலகத்தில் அமர்ந்து படிக்கும் வாய்ப்புக் கிடைத்த பின்னர், இக்கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. நாட்டுக் கேள்வியும் உலகக் கேள்வியும் ஆகும் என உணர்ந்தேன். பொதுச் சுவரில் எழுதப்படும் அரசியல் கருத்தையும் வரையப்படும் படத்தையும் அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு, எப்போது உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவர் என்னும் ஏடு

காகிதம் வருவதற்கு முன்பே சுவர் வந்துவிட்டது. நம் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். 15-ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பிய பராக்கிரம பாண்டிய மன்னன், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்களை நான் பணிகின்றேன் என்னும் பொருள்படக் கல்லில் பாட்டாகவே வெட்டி வைத்தான். முடிசூடிய மன்னன் முகம் தெரியாத மக்களிடம் பேசுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் கோயிற் சுவர்.

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் தில்லை பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற நான்கும் உலோகத்தாலும் மணியாலும் பெயர் பெற, நம்மூர்ச் சபையோ சுவரில் தீட்டிய வண்ணத்தால் பெயர் பெற்றது. ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய மதிப்பை எந்த ஊர் அளித்திருக்கிறது?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கல்வெட்டு ஆண்டவனின் எழுத்து. கோயில் ஓவியம் ஆண்டவர் ஆதரவில் வளர்ந்த கலை. கரித்துண்டாலும் காவியாலும் தெருச்சுவரில் எழுதப்படுவதோ ஆளப்படுவோரின் எழுத்து. அதற்கு மானியம் இல்லை, மண்டபம் இல்லை, மழைக்கு ஒதுங்க இடமும் இல்லை.

தமிழ்நாட்டு அரசியலில் இந்தச் சுவரெழுத்துக்குத் தனி இடம் உண்டு. செய்தித்தாள் வாங்க வசதியில்லாதவரும் நடந்து போகும்போது படிக்கக்கூடியது சுவர். கட்சிகள் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே சுண்ணாம்படித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் குறித்துச் சுவரைப் பிடித்து வைப்பது நாமெல்லாம் கண்ட காட்சி. எழுத்தை அழிப்பதும் ஒரு பேச்சாக ஆன காலம் உண்டு. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், தமிழ்நாட்டு இரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. மறு ஆண்டு சூலை 15-ஆம் நாள், டால்மியாபுரம் என்னும் பலகையின்மீது கல்லக்குடி என்னும் பெயரை ஒட்டிப் போராடிய மு. கருணாநிதி சிறை சென்றார். பலகையில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பது உயிரைப் பணயம் வைக்கத் தகுந்த கேள்வியாக அன்று கருதப்பட்டது. எழுதுவோர், அழிப்போர் ஆகிய இரு சாராருமே சுவரின் வலிமையை அறிந்தவர்கள் என்பதற்கு இது சான்று.

சட்டம் கூறுவது என்ன?

நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டின் திறந்த இடங்கள் (உருக்குலைவுத் தடுப்பு)ச் சட்டம் இருக்கிறது. அது இரண்டு வகைக் குற்றங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, ஆட்சேபத்துக்குரிய எழுத்து. அதாவது கொலைக்கும் வன்முறைக்கும் தூண்டுவது, சமயப் பகையை வேண்டுமென்றே மூட்டுவது, ஆபாசமாக இருப்பது போன்றவை. மற்றொன்று, சுவரின் உரிமையாளர் எழுத்து மூலம் ஒப்புதல் தராமல் எழுதுவது. முதலாவது என்ன எழுதப்பட்டது என்று கேட்கிறது. இரண்டாவது யாருடைய சுவரில் எழுதப்பட்டது என்று கேட்கிறது.

தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணையத்தின் விதியும் சேர்ந்துகொள்கிறது. தேர்தல் அறிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகங்களிலும், 48 மணி நேரத்துக்குள் பேருந்து நிலையம், பாலம் போன்ற பொது இடங்களிலும், 72 மணி நேரத்துக்குள் தனியார் இடங்களிலும் அனுமதியற்ற எழுத்துகளையும் சுவரொட்டிகளையும் நீக்கிவிட வேண்டும். அந்த மூன்று நாட்களும் என் தந்தைக்கு வேலை இருக்கும். எழுதும் வேலையன்று, அழிக்கும் வேலை.

இவற்றுக்கெல்லாம் மேலாக அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு இருக்கிறது. பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் அது வழங்குகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு கட்டலாம் என்று பட்டியலிடுகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இப்பட்டியலை நான் இருமுறை எண்ணிப் பார்த்தேன். அதிகாரியின் மனம் புண்படுதல் என்பது அதில் இல்லை.

நெல்லையில் ஒரு கேலிச்சித்திரம்

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறிருந்தது? நம் பக்கத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம்.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் 23, திங்கட்கிழமை. தென்காசிக்கு அருகே உள்ள காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியுடனும் இரண்டு சிறு பெண் குழந்தைகளுடனும் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றார். அப்போது தென்காசி தனி மாவட்டமாகவில்லை. 2019 நவம்பர் 22-ஆம் நாள்தான் ஆயிற்று. கந்துவட்டிக் கொடுமை பற்றி ஏற்கெனவே மனுக்கொடுத்தும் பயன் காணாத அக்குடும்பம், குறைதீர்க்கும் நாளில், மக்கள் கண்ணெதிரே, அலுவலக வளாகத்தில் தீயில் கருகியது. நால்வரும் மாண்டனர். அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு முதலே இருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இக்கொடுமையைக் கண்ட கேலிச்சித்திரக்காரர் பாலா ஒரு படம் வரைந்தார். தரையில் ஒரு குழந்தை எரிந்து கிடக்கிறது. முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் ஆகிய மூவரும் ஆடையின்றி, ரூபாய்த் தாள்களால் தம்மை மறைத்துக்கொண்டு நிற்கின்றனர். இப்படம் முகநூலில் பரவியது. நவம்பர் 5-ஆம் நாள் நெல்லைக் காவல்துறையினர் சென்னைக்குச் சென்று அவரைக் கைது செய்து அழைத்து வந்தனர். மறுநாள் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. 2021-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கையே இரத்துச் செய்தது.

அப்படம் நாகரிகமானதா, இல்லையா என்பதில் நம்மிடையே இருவேறு கருத்து இருக்கலாம். என் வகுப்புத் தோழர் ஒருவர் அது எல்லை மீறியது என்றே வாதிட்டார். அவர் வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மனுவுக்குக் கால் முளைக்கவில்லை, படத்துக்கு முளைத்தது. மனுக்கொடுத்தவரைத் தேடி யாரும் மேலகரத்துக்கோ காசிதர்மத்துக்கோ வரவில்லை. படம் வரைந்தவரைத் தேடிச் சென்னைக்குப் போனார்கள்.

இது புதிதுமன்று. 1987-ஆம் ஆண்டு ஆனந்த விகடன் அட்டையில் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சிறைவாசம் தவறு எனக் கூறி, ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆட்சிகள் மாறும், கட்சிகள் மாறும், படத்தைக் கண்டு அஞ்சும் பழக்கம் மட்டும் மாறுவதில்லை.

வாசலில் ஒரு கோலம்

சுவரில் எழுதினால் சுவர் கெடுகிறது என்பர். பத்திரிகையில் வரைந்தால் அவதூறு என்பர். தரையில் கோலமாவால் வரைந்தால்?

2019 டிசம்பர் 29, மார்கழி மாதத்து ஞாயிறு. சென்னை பெசன்ட் நகர்த் தெருக்களில் பெண்கள் உட்பட ஒரு சிறு குழுவினர், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம், குடிமக்கள் பதிவேடு வேண்டாம் என்னும் பொருளில் கோலமிட்டனர். அனுமதி பெறவில்லை என்று கூறிக் காவல்துறையினர் அவர்களைப் பிடித்துச் சென்று, பின்னர் விடுவித்தனர். மறுநாள் என்ன ஆயிற்று? மாநிலத்தின் பல வாசல்களில் அதே சொற்கள் கோலமாக மலர்ந்தன. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர்களின் இல்லங்களிலும் மலர்ந்தன.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கோலம் யாருடைய சொத்தையும் கெடுப்பதன்று. மாலைக்குள் காலடியில் தேய்ந்துபோகும். மிச்சத்தை எறும்பு தின்னும். ஆகவே சுவரின் தூய்மை என்ற காரணத்தை அங்கே சொல்ல முடியாது. புள்ளிக்கோலத்துக்கும் பூக்கோலத்துக்கும் கேட்கப்படாத அனுமதி, சொற்கோலத்துக்குக் கேட்கப்பட்டது. எனவே தடுக்கப்பட்டது கோலமன்று; அதிலிருந்த சொல்.

அதே போராட்டக் காலத்தில் தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய சுவர்களில் மாணவர்கள் வரைந்திருந்த படங்கள், 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வேளையில், வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமே அழிப்பதற்கு ஏற்ற நேரம் போலும்.

கடல் கடந்து

உலகில் இதற்குப் பல சான்றுகள் உள்ளன. இரண்டை மட்டும் கூறுகிறேன்.

மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா, 1933-இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் மையத்தின் சுவரில் பெரியதோர் ஓவியம் வரைந்தார். அதில் லெனின் முகம் இருந்தது. அதை நீக்கும்படி உரிமையாளர்கள் கேட்டனர், அவர் மறுத்தார். கூலி முழுவதும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஓவியம் மூடப்பட்டு, 1934-இல் உடைத்து நொறுக்கப்பட்டது. ரிவேரா தம் நாட்டுக்குத் திரும்பி, மெக்சிகோ நகரில் அதை மீண்டும் வரைந்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

அவர் நாட்டவரான சிக்கேரோஸ் என்பார், 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதனையும், அவன் தலைக்குமேல் ஒரு கழுகையும் வரைந்தார். சில ஆண்டுகளுக்குள் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டனர். காலப்போக்கில் வெள்ளை வெளிறிப்போக, உள்ளிருந்த உருவம் மெல்ல மெல்ல வெளிவரத் தொடங்கியது. அறிஞர்கள் அதைப் பாதுகாத்து, 2012-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். அழிக்க அடித்த வெள்ளை, எண்பது ஆண்டு கழிந்தும் அவ்வோவியத்தை அழித்து முடிக்கவில்லை.

நம் தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதையொத்த விந்தை உண்டு. அங்கே பகை இல்லை, புதுப்பித்தலே நடந்தது. நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேற்பூச்சு அடிப்பூச்சை மறைத்தது. மறைத்ததன் மூலம் காத்தும் தந்தது.

ஈழத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8-ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். மூன்றே நாளில் மீண்டும் அடிக்கல் நடப்பட்டது. அவ்வாண்டிலேயே தூண் எழுந்தது. நம் வயது மாணவர்கள் அவர்கள்.

மறுபக்கமும் உண்டு

இத்தனையும் படித்துவிட்டு, அப்படியானால் யார் வேண்டுமானாலும் எந்தச் சுவரிலும் எழுதலாமா என்று எவரேனும் கேட்பின், கூடாது என்பதே என் விடை. ஒரு முதிய தாயார் சீட்டுக்கட்டி, பணம் சேர்த்து, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் இரவோடு இரவாகக் கட்சிச் சின்னம் வரைவது கருத்துரிமை ஆகாது, அத்துமீறலே ஆகும். 2019 செப்டம்பர் 12-ஆம் நாள் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த விளம்பரப் பலகை சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் இறந்தார். அவரும் ஒரு வீட்டின் கனவு. ஆகவே சுவருக்கும் சாலைக்கும் ஒழுங்கு தேவை. தூய்மையும் தேவை.

ஆனால் ஒழுங்கு என்னும் ஆடையை உடுத்திக்கொண்டு தணிக்கை வரும்போது அதை எப்படி அடையாளம் காண்பது? மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று: சுவருக்கு உரியவர் ஒப்புதல் தந்தாரா? தராவிடில் அழிப்பதில் தவறில்லை.

இரண்டு: எல்லா எழுத்துக்கும் ஒரே மட்டைதானா? சுவரில் உள்ள சிமெண்டு விளம்பரமும், திரைப்பட விளம்பரமும், பிறந்தநாள் வாழ்த்தும் அப்படியே இருக்க, ஒரு குறிப்பிட்ட எழுத்துமட்டும் அழிக்கப்படுமானால், அங்கே நடந்தது தூய்மைப் பணியன்று.

மூன்று: அழிக்கச் சொன்னவர் யார், எந்தச் சட்டப்படி, எழுத்தில் ஆணை உண்டா? பெயரும் காரணமும் சொல்லாத கட்டளை, சட்டத்தின் கட்டளையன்று, அச்சத்தின் கட்டளை.

எதிர்ப்புக் கிளம்பும், கலவரம் வரும் என்பது அழிப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப் படத்தைப் பற்றிய வழக்கில், 1989-இல் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிவிட்டது. எதிர்ப்பு வரும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்தை அடக்குதல் ஆகாது. கருத்தைக் காப்பதும் ஒழுங்கைக் காப்பதும் அரசின் கடமையே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எங்கள் தெருச் சுவர்

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன சுவருக்கு வருகிறேன்.

என் தந்தை ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. எனக்கு அகர வரிசையைக் கற்பித்தது அவருடைய தூரிகை. ‘ழ’ கரத்தின் சுழியை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதை நான் சிலேட்டில் கற்கவில்லை, சுவரில் கற்றேன். முன்பெல்லாம் கடைப் பெயர், கட்சிக் கூட்டம், கோயில் கொடை என ஆண்டு முழுவதும் அவருக்கு எழுத வேலை இருந்ததாம். பிளெக்ஸ் பலகை வந்தபின் எழுத்து வேலை குறைந்து, வெள்ளையடிக்கும் வேலையே மிஞ்சியது.

2017-இல் காசிதர்மத்துச் செய்தி வந்த வாரம் அவர் சரியாக உண்ணவில்லை. எங்கள் வீட்டிலும் வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தது. வாரந்தோறும் வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் இருந்த உறவினர் தாத்தா ஒருவரிடம் கேட்டு, அவர் வீட்டு வெளிச்சுவரில் அப்பா ஒரு படம் வரைந்தார். ஒரு தராசு. ஒரு தட்டில் ரூபாய்த் தாள். மறுதட்டில் ஒரு தாலி. ரூபாய்த் தட்டு தாழ்ந்திருந்தது. கீழே ‘கந்துவட்டி ஒழிக’ என்று இரண்டு சொற்கள். எவர் பெயரும் இல்லை. எந்தக் கட்சிக் கொடியும் இல்லை.

நான்காம் நாள் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நேத்து ராத்திரி ரெண்டு பேரு வந்தாங்கப்பா. சத்தம்லாம் போடல. சுவரு அழகாத்தான் இருக்கு, பேத்தி எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கான்னு கேட்டுட்டுப் போனாங்க” என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சுண்ணாம்புச் சட்டியையும் மட்டையையும் எடுத்தார்.

மேற்கூறிய மூன்று கேள்விகளையும் இச்சுவருக்குப் பொருத்திப் பாருங்கள். உரிமையாளர் ஒப்புதல் இருந்தது. பக்கத்திலேயே இருந்த சிமெண்டு விளம்பரம் அப்படியே இருந்தது. ஆணை இல்லை, அதிகாரி இல்லை, சட்டப் பிரிவு இல்லை. தணிக்கையாளர் இல்லாமலே தணிக்கை நடந்து முடிந்தது. வழக்குப் போட எதிரி இல்லை; மேல்முறையீடு செய்யத் தீர்ப்பும் இல்லை. பாலாவின் படத்துக்கு ஓர் உயர்நீதிமன்றம் கிடைத்தது. எங்கள் தெருச் சுவருக்குக் கிடைக்கவில்லை. சுவர்ச் சித்திரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் மறைகின்றன என்றே நான் எண்ணுகிறேன்.

சுண்ணாம்பின் வேதியியல்

அடுத்த ஆண்டு ஆனியில் சாரல் பிடித்தது. பள்ளிக்குப் போகும்போது பார்த்தேன். நனைந்த சுவரில் தராசு நின்றது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். “சுண்ணாம்பு நனைஞ்சா அப்படித்தாம்லே. காஞ்சா மறைஞ்சிரும். போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றார்.

ஏன் அப்படி என்பதை இங்கு வந்தபின்தான் அறிந்தேன். நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடியும் கல்லாக, மாறுகிறது. அப்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. உலர்ந்திருக்கும்போது துளைகளில் காற்று இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, காற்றினுடையது 1. வேறுபாடு மிகுதியாதலால் ஒளி சிதறுகிறது. பூச்சு வெண்மையாகத் தோன்றி அடியில் உள்ளதை மறைக்கிறது. மழையில் அத்துளைகளில் நீர் புகுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. வேறுபாடு குறைகிறது, சிதறல் குறைகிறது, ஒளி ஊடுருவிச் சென்று அடியில் உள்ள நிறத்தைத் தொட்டு மீள்கிறது. எழுத்துத் தெரிகிறது. எண்ணெய் பட்ட காகிதத்தின் வழியே எழுத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பி, விடுமுறையில் மூன்று சிமெண்டுப் பூச்சுத் துண்டுகளில் கருப்பு எழுத்து எழுதி, ஒன்றுக்கு ஒரு பூச்சும், மற்றொன்றுக்கு இரண்டும், மூன்றாவதற்கு மூன்றும் சுண்ணாம்பு அடித்து உலர வைத்தேன். நீர் தெளித்தபோது முதல் துண்டில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. இரண்டாவதில் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதில் தெரியவே இல்லை.

அப்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது. அப்பா முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். எந்த வீட்டுக்கும் இரண்டு பூச்சுக்குக் குறைந்து அடித்ததில்லை. கருப்பு எழுத்தை மறைக்க வேண்டுமானால் மூன்று பூச்சு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? அன்றிரவு கேட்டேன்: “யப்பா, அந்தச் சுவத்துக்கு ஏன் ஒரே பூச்சு அடிச்சீங்க?”

அவர் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை. “தாத்தாகிட்ட அன்னைக்கு ஒரு பூச்சுக்குத்தாம்லே சுண்ணாம்பு இருந்துச்சு” என்றார். அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முடிவுரை

சுவர் மக்களின் ஏடு. அதற்கு ஒழுங்கு வேண்டும் என்பது சரியே. ஆனால் ஒழுங்கின் மட்டை எல்லார் எழுத்தின்மீதும் ஒரே சீராக விழ வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கை எவருடையது என்பது வெளிச்சத்தில் தெரிய வேண்டும். அவ்வாறு இல்லாத இடத்தில் சுண்ணாம்பு தூய்மைப் பொருளாக இராது. வாயில் அடைக்கும் துணியாகவே இருக்கும்.

அச்சுவர் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது. எங்கள் கடன் நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அடைந்தது.

இக்கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான். பேரை மட்டும் போட வேண்டாம்” என்றார். என் பெயரின் முன்னெழுத்து அவருடையது. ஆகவே ஆசிரியர் குழுவிடம் கூறி, என் பெயரையும் விட்டுவிடச் செய்தேன். இதுவும் ஒருவகைச் சுண்ணாம்புதான் என்பதை நான் அறிவேன். ஆயினும் நண்பர்களே, ஒரே ஒரு பூச்சுத்தான் அடித்திருக்கிறேன்.